ஒப்புதலை எப்போது கேட்பது?

கேள்வி: நோயாளிகளைப் பல ஆண்டுகள் கண்காணிக்கும் கோஹார்ட் ஆய்வுக்குள்ளேயே, யாருக்குப் புதிய சிகிச்சை என்பதைக் குலுக்கித் தீர்மானிக்கும் குலுக்கல் முறைச் சோதனையும் நடத்துகிறார்களாம். புதிய சிகிச்சை பெறாத ஒப்பீட்டுக் குழுவினருக்குச் சோதனை நடப்பதே தெரியாது என்கிறார்கள். இது ஏமாற்று வேலை ஆகாதா?
– முதுநிலை மருத்துவ மாணவி, திருச்சி

பதில்: முன்கூட்டியே ஒப்புதல் வாங்காமல் செய்தால் ஏமாற்று வேலைதான். 1979இல் அமெரிக்கப் புள்ளியியலாளர் மார்வின் செலன் முன்வைத்த முறையில் முதலில் குலுக்கிவிட்டு, புதிய சிகிச்சை யாருக்கு விழுந்ததோ அவர்களிடம் மட்டுமே ஒப்புதல் கேட்டார்கள். மற்றவர்கள் தாம் ஓர் ஆய்வில் இருப்பதையே அறியவில்லை. அதற்கு எதிர்ப்பு எழுந்தது நியாயமே. 2010இல் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தின் கிளேர் ரெல்டனும் சக ஆய்வாளர்களும் முன்மொழிந்த கோஹார்ட் வடிவமைப்பு இந்தக் குறையைப் பெருமளவு நீக்குகிறது.

நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக மருத்துவமனையில் கதிரியக்கச் சிகிச்சைக்கு வரும் மார்பகப் புற்றுநோயாளிகளைக் கொண்ட 'அம்ப்ரெல்லா' கோஹார்ட்டைப் பாருங்கள். அதில் சேரும்போதே, தம் மருத்துவத் தகவல்களைப் பயன்படுத்தவும், அவ்வப்போது கேள்வித்தாள் நிரப்பவும், எதிர்காலச் சோதனைகளுக்காகத் தம்மைக் குலுக்கலில் சேர்க்கவும் தனித்தனியே சம்மதம் கேட்கிறார்கள். பிறகு ஒரு சோதனை வரும்போது, சிகிச்சை விழுந்தவரிடம் மட்டும் அதை விளக்கி மறுபடியும் ஒப்புதல் பெறுகிறார்கள். மற்றவர் வழக்கமான கவனிப்பிலேயே தொடர்கிறார். 'எனக்குக் கிடைக்கவில்லையே' என்று மனம் நொந்து விலகுவதற்கோ, தாமாகவே அதே சிகிச்சையைத் தேடிப் போவதற்கோ காரணம் குறைவு. ஆனால், குலுக்கலுக்குச் சம்மதித்ததை ஆண்டுகள் கழித்து ஒருவர் மறந்திருக்கக்கூடும் என்பதால், சோதனை முடிந்தபின் முடிவுகளை எல்லோருக்கும் தெரிவிப்பது ஆய்வாளரின் கடமை என்றே நான் கருதுகிறேன்.

நீங்கள் இதைவிட அதிகம் கவலைப்பட வேண்டியது மறுப்பவர்களைப் பற்றித்தான். அதே கோஹார்ட்டில் நடந்த 12 வார உடற்பயிற்சிச் சோதனையில், பயிற்சிக்கு அழைக்கப்பட்ட 130 பெண்களில் 68 பேரே ஏற்றுக்கொண்டனர். மறுத்தவர்களைக் கணக்கிலிருந்து நீக்கினால், ஆர்வமும் உடல்வலுவும் உள்ளவர்கள் மட்டுமே ஒரு பக்கம் எஞ்சி, குலுக்கலின் பயனே கெட்டுவிடும். எனவே 130 பேரையும் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும். அப்போது பலன் நீர்த்துப் போகும். பாதிப் பேர் மறுத்தால் தெரியும் வேறுபாடும் ஏறக்குறையப் பாதியாகும். அதைக் கண்டறிய நான்கு மடங்கு ஆட்கள் தேவைப்படுவார்கள். எத்தனை பேர் ஏற்பார்கள் என்பதை முன்னரே மதிப்பிடாமல் இந்த வடிவமைப்பைத் தேர்ந்தெடுக்காதீர்கள். வழக்கமான கவனிப்போடு ஒப்பிடும் கேள்விகளுக்கே இது பொருந்தும். ஒப்பீட்டுக் குழுவினருக்கு எதுவும் கொடுப்பதில்லை என்பதால், போலி மாத்திரை கொடுத்து மருந்தைச் சோதிக்க இது உதவாது.