வாசகர் கேள்வி: மார்த்தாண்டம் தேன் முத்திரை

கேள்வி: குலசேகரத்தில் நாற்பது தேனீப் பெட்டிகள் வைத்திருக்கிறேன். மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்துள்ளதால், என் புட்டிகளில் அம்முத்திரையை ஒட்டலாமா?

பதில்: உடனே ஒட்ட இயலாது. 2023-இல் கிடைத்த அக்குறியீட்டை, 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்தவரே பயன்படுத்தலாம். அதற்குச் சென்னையிலுள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் விண்ணப்பியுங்கள். பதிவு அதிகபட்சம் 10 ஆண்டுகள் செல்லும், பின்னர் புதுப்பிக்கலாம்.

முத்திரையைவிடப் பெயர்ச்சீட்டில் நீங்கள் எழுதுவது முக்கியம் என்பது என் உறுதியான எண்ணம். இலையுதிர்த்த ரப்பர் மரம் மீண்டும் துளிர்க்கையில், மூன்று இலைகள் கூடும் காம்பு நுனியில் முத்துமுத்தாகக் கசியும் இனிப்பு நீரைத்தான் நம் தேனீக்கள் பெரிதும் உறிஞ்சுகின்றன. நம் தேன் பெரும்பாலும் பூவில் பிறந்ததன்று என்பதை வாங்குபவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், அதுவே இம்மண்ணின் அடையாளம். எடுத்த மாதத்தையும் ஊரையும் குறிப்பிடுங்கள். தேனடையில் தேனீக்கள் மெழுகால் மூடிய அறைகளிலிருந்து மட்டுமே தேனை எடுங்கள். ஈரப்பதம் 20 விழுக்காட்டைத் தாண்டினால் தேன் புளித்துவிடும். வெளியூர்த் தேனை ஒரு புட்டிகூடக் கலந்துவிடாதீர்கள், ஏனெனில் அப்பெயர் உங்களுடையது மட்டுமன்று, அடுத்த தோட்டத்துக்காரருக்கும் உரியது.