பட்டை தீட்டியதில் வைரத்தின் நிறம் போய்விட்டது, நஷ்டஈடு கிடைக்குமா?

கேள்வி: பாட்டி கொடுத்த மஞ்சள் வைரம், 2.10 கேரட், குஷன் (முனை மழுங்கிய சதுர) வடிவம். ஜி.ஐ.ஏ. (வைரத் தரம் பார்க்கும் அமெரிக்க நிறுவனம்) சான்றிதழில் 'ஃபேன்சி லைட் யெல்லோ' என்று இருந்தது. மோதிரம் செய்யக் கொடுத்தபோது, "ரவுண்டாக மாற்றினால் இன்னும் ஜொலிக்கும்" என்று சொல்லி, கடைக்காரரே சூரத்துக்கு அனுப்பி வெட்டி வாங்கினார். கூலி 38,000 ரூபாய். இப்போது கல் 1.48 கேரட். புதுச் சான்றிதழில் நிறம் 'ஒய்-இசட்'. "எடை குறைந்தால் கடை பொறுப்பல்ல என்று கையெழுத்துப் போட்டீர்களே" என்கிறார். வழக்குப் போடலாமா? (வாசகி, கோவை)

பதில்: போடலாம். நீங்கள் ஒப்புக்கொண்டது எடைக் குறைவை மட்டும்தான், நிறம் போவதை அல்ல.

வெள்ளை வைரத்தில் 'டி' முதல் 'இசட்' வரை மஞ்சள் ஏற ஏற விலை இறங்கும். லேசான மஞ்சளை மறைக்க ரவுண்டு வெட்டு உதவும். மஞ்சள் 'இசட்'டையும் தாண்டினால் அது ஃபேன்சி கல், அங்கே கதை தலைகீழ், நிறத்துக்குத்தான் காசு. உங்கள் கல் ஃபேன்சியிலிருந்து 'ஒய்-இசட்'டுக்கு இறங்கிவிட்டது. அந்த நிறத்தை மேல்முகமாக வைத்துப் பார்த்துத்தான் தரம் போடுகிறார்கள். குஷன், ரேடியன்ட் வெட்டுகளில் நிறம் கூடித் தெரியும், ரவுண்டில் வெளுத்துவிடும். இது தொழிலில் இருப்பவர்களுக்குப் பாலபாடம். லண்டன் வைர வியாபாரி லாரன்ஸ் கிராஃப் 2008-இல் வாங்கிய விட்டெல்ஸ்பாக் நீல வைரத்தை 35.56 கேரட்டிலிருந்து 31.06 ஆக மறுபடி வெட்டினார். பழம்பெரும் கல்லைச் சிதைத்துவிட்டார் என்று திட்டு வாங்கினாலும், சாம்பல் சாயல் போய் நீலம் தெளிந்தது. உங்கள் கடைக்காரரோ எடையையும் விட்டார், நிறத்தையும் விட்டார்!

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(11)-இன்படி, தெரிவிக்க வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் சேவைக் குறைபாடுதான். வெட்டியது சூரத்காரர் என்று கடை நழுவ முடியாது. கூலி வாங்கியது கடை, ஒப்பந்தமும் கடையோடுதான்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தின் பண வரம்பு நஷ்டத்தை வைத்து அல்ல, நீங்கள் கொடுத்த கூலியை வைத்தே கணக்கிடப்படும். அது 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. கோவையிலேயே தாக்கல் செய்யலாம். ஒன்றில் மட்டும் கவனம்: நீங்கள் கையெழுத்துப் போட்ட வாசகம் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று வாதாடப் போனால் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டிவரும். அதைத் தொடாமல் சேவைக் குறைபாடு என்றே எழுதுங்கள்.

பலவீனமான இடம் வாட்ஸ்அப். "எனக்கு ரவுண்டுதான் வேண்டும்" என்று நீங்கள் அடம்பிடித்த செய்தியோ, நிறம் குறையும் என்று அவர் எச்சரித்த செய்தியோ இருந்தால் வழக்கு தள்ளாடும். ஒப்புக்கொண்ட எடைக் குறைவுக்கான பங்கையும் நஷ்டஈட்டில் கழிப்பார்கள், முழு வித்தியாசத்தை எதிர்பார்க்காதீர்கள்.

கல்லையே மாற்றிவிட்டார்களோ என்ற சந்தேகம் இருந்தால் இரண்டு சான்றிதழ்களிலும் ஃப்ளோரசன்ஸ் (புற ஊதா ஒளியில் கல் ஒளிரும் தன்மை) விவரத்தை ஒப்பிடுங்கள். வெட்டினால் அது பெரிதாக மாறாது. அங்கே பெரிய வேறுபாடு இருந்தால் ஒழிய போலீசுக்குப் போக வேண்டாம்.

இப்போதைக்கு கல்லை மோதிரத்தில் பதிக்காதீர்கள். கடைக்குச் சம்பந்தமில்லாத மதிப்பீட்டாளரிடம் முந்தைய, இப்போதைய விலைகளை எழுத்தில் வாங்கி, பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். கல் கைக்கு வந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் தாக்கலாகிவிட வேண்டும்.