‘யுவி ஃபில்டர்’ வாங்கினேன், படம் மாறவே இல்லை!

கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியில் ஊரைப் படம் எடுக்கும் ஆசை வேலூர்ப் பக்கம் சிலரைப் பிடித்திருக்கிறது போலும். இந்த முறை நான்கு கடிதங்கள் அதைப் பற்றியே வந்திருக்கின்றன. சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: புற ஊதாவில் வேலூர்க் கோட்டையை எடுக்க நினைத்து, கேமரா கடையில் 1,200 ரூபாய்க்கு யுவி ஃபில்டர் வாங்கினேன். மாட்டி எடுத்தால் படம் எப்போதும் போலவே வருகிறது. ஏமாற்றிவிட்டார்களா? பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா? (கல்லூரி மாணவர், காட்பாடி)

பதில்: ஏமாற்றவில்லை தம்பி, நீங்கள் கேட்டதைத்தான் கொடுத்திருக்கிறார்கள். கடைகளில் ‘யுவி ஃபில்டர்’ என்று விற்பது புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி. உங்களுக்கு வேண்டியது நேர்மாறானது. புற ஊதாவை உள்ளே விட்டு, மற்ற வெளிச்சத்தை வாசலிலேயே நிறுத்த வேண்டும். அது பார்க்கக் கறுப்பாக இருக்கும். கண்ணில் வைத்துப் பார்த்தால் அநேகமாக ஒன்றும் தெரியாது. பெயர் வைத்தவரைத்தான் கோபித்துக்கொள்ள வேண்டும்.

பணத்தைத் திருப்பித் தந்தால் அது கடைக்காரரின் பெருந்தன்மை. உரிமையாகக் கேட்க இடமில்லை. ஆனால் அவசரப்பட்டுத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். அந்த ஃபில்டருக்கு ஒரு வேலை இருக்கிறது, மூன்றாவது பதிலில் வருகிறது.

சரியான ஃபில்டர் வாங்கினாலும் உங்கள் கேமராவில் படம் வராது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கேமராவுக்குள் படத்தைப் பதிக்கும் சென்சாருக்கு முன்னால் ஒரு கண்ணாடி ஒட்டியிருப்பார்கள். புற ஊதா, அகச்சிவப்பு இரண்டையும் அது தடுத்துவிடும். அதைக் கழற்றி, தெளிவான கண்ணாடி வைப்பதை ‘ஃபுல் ஸ்பெக்ட்ரம்’ மாற்றம் என்கிறார்கள். செய்த அன்றே கம்பெனி வாரன்ட்டி போய்விடும். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் படம் எடுக்கிற கேமராவில் இதைச் செய்யாதீர்கள். பழைய மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத வகை) பாடி ஒன்றைத் தனியாக வாங்குங்கள். அந்தக் கண்ணாடி உள்ள டி.எஸ்.எல்.ஆர். கேமராவில், கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டரில் கறுப்பு ஃபில்டரை மாட்டிய பிறகு இருட்டுதான். மிரர்லெஸ்ஸில் சென்சார் பார்ப்பதையே திரையில் பார்த்து ஃபோகஸ் செய்யலாம்.

இவ்வளவும் செலவழித்தால் கிடைப்பது என்ன? கோட்டையில் நின்று கிழக்கே மலைகளைப் பாருங்கள். கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் மலை, புற ஊதாப் படத்தில் வெண்புகையில் கரைந்துவிடும். காற்று 550 நானோமீட்டர் (ஒளியின் அலைநீள அளவு) பச்சை ஒளியைச் சிதறடிப்பதைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு 365 நானோமீட்டர் புற ஊதா ஒளியைச் சிதறடிக்கிறது. வானம் வெளுத்துப்போகும், மரங்கள் கறுக்கும். எனக்குப் பிடித்தது சுவர்கள்தான். வேலப்பாடியில் ஒரு வீட்டு மதில், பாதி சுண்ணாம்பு, பாதி புது வெள்ளை பெயின்ட். நேரில் இரண்டும் ஒரே வெள்ளை. படத்தில் சுண்ணாம்புப் பாதி வெள்ளையாகவே நிற்க, பெயின்ட் பாதி அடுப்பங்கரைச் சுவர் மாதிரி கறுத்துவிட்டது. பெயின்ட்டில் இருக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு புற ஊதாவை விழுங்கிவிடும். பஸ்ஸின் முன் கண்ணாடியும் கறுப்பு, அந்த வழியாகப் போன பெரியவரின் மூக்குக் கண்ணாடியும் கறுப்பு. கூலிங் கிளாஸ் போட்டவர் போல வந்திருந்தார். இதெல்லாம் வேடிக்கையாகத் தோன்றினால் செலவு செய்யுங்கள். தெளிவான கோட்டைப் படம்தான் வேண்டுமென்றால் கையில் இருக்கும் கேமராவே போதும்.

கோட்டைக்குள் ட்ரைபாடை விரிக்கும் முன் அங்கிருக்கும் தொல்லியல் துறை ஊழியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கேள்வி: அப்பா ஸ்டுடியோ வைத்திருந்தார். இருட்டறையில் இருந்த என்லார்ஜரின் (நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் பதிக்கும் கருவி) 50 மி.மீ. லென்ஸ் வீட்டில் கிடக்கிறது. புற ஊதாவுக்கென்று லட்சக் கணக்கில் லென்ஸ் இருக்கிறதாமே? இதை வைத்து ஆரம்பிக்கலாமா, வேறு வாங்க வேண்டுமா? (வாசகி, குடியாத்தம்)

பதில்: அதை வைத்தே ஆரம்பியுங்கள் அம்மா. யுவி நிக்கோர் 105 மி.மீ. போன்றவை குவார்ட்ஸ், ஃப்ளூரைட் கொண்டு செய்தவை. ஆய்வகத்துக்கும் தடயவியலுக்கும் சரி, நமக்கு வேண்டாம். இன்றைய ஜூம் லென்ஸ்களில் கண்ணாடித் துண்டுகள் அதிகம், பூச்சும் அதிகம், புற ஊதாவில் பெரும்பகுதி உள்ளேயே நின்றுவிடும். பழைய, எளிய லென்ஸ்தான் இங்கே கெட்டிக்காரன். என்லார்ஜர் லென்ஸ்களில் இ.எல். நிக்கோர் 80 மி.மீ. எஃப் 5.6, அதுவும் பழைய உலோக உடம்புக்காரன், புற ஊதாப் படம் எடுப்பவர்களிடம் பேர்போனது. அதனாலேயே விலையை ஏற்றி விற்கிறார்கள். தவிர, சிறிய சென்சாரில் 80 மி.மீ. ரொம்பக் குறுகல்; தெருவில் நின்று கட்டடத்தை எடுக்க உங்கள் 50-தான் வசதி.

முதலில் லென்ஸின் உடல்நிலையைப் பாருங்கள். பின்பக்கம் செல்போன் டார்ச்சைக் காட்டி, முன்னால் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி தெரிந்தால் பூஞ்சை. மெல்லிய பனி மாதிரி படிந்திருந்தாலும் புற ஊதாவில் படம் சாம்பல் பூத்துவிடும். நானே ஒரு முறை டார்ச் அடித்துப் பார்க்காமல் பழைய லென்ஸ் ஒன்றை வாங்கி, துடைக்கக் கொடுத்த கூலி லென்ஸ் விலையைத் தாண்டியது.

அடுத்தது நோட்டுச் சோதனை. கள்ள நோட்டு பார்க்கும் யுவி டார்ச்சில் 365 நானோமீட்டர் என்று போட்டிருப்பதை வாங்குங்கள்; மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் 395, கத்தரிப்பூ நிறத்தில் பளிச்சென்று எரியும், இதற்கு உதவாது. இருட்டு அறையில் நூறு ரூபாய் நோட்டின் எண் மேல் டார்ச்சைக் காட்டினால் எண் ஒளிரும். நடுவில் லென்ஸை வையுங்கள். இன்னும் ஒளிர்ந்தால் அப்பாவின் லென்ஸ் தேறியது. டார்ச்சை யார் கண்ணுக்கும் காட்டாதீர்கள்.

என்லார்ஜர் லென்ஸில் ஃபோகஸ் வளையம் கிடையாது. அதனால் 39 மி.மீ. திருகு அடாப்டரோடு ‘ஹெலிகாய்டு’ என்ற நீளும் குழாயும் வேண்டும். மூடினால் எத்தனை மி.மீ., நீட்டினால் எத்தனை என்று கேட்காமல் வாங்காதீர்கள். மூடியபோதே நீளம் அதிகமாக இருந்தால் பக்கத்துப் பூ தெளியும், எதிர்த் தெரு தெளியாது. லென்ஸில் மிச்சமாகும் பணத்தை ஃபில்டரில் போடுங்கள். அங்கே கஞ்சத்தனம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு அடுத்த கடிதமே சாட்சி.

கேள்வி: ஆன்லைனில் இசட்.டபிள்யூ.பி.2 என்ற கறுப்பு ஃபில்டர் 1,800 ரூபாய்க்கு வாங்கினேன். மாற்றம் செய்த கேமராவில் மாட்டினால் படமெல்லாம் ஒரே சிவப்பு. மரங்கள் வெள்ளை. விற்றவர் ‘பொருளில் குறையில்லை’ என்கிறார். புகார் செய்யலாமா? (அரசு ஊழியர், சத்துவாச்சாரி)

பதில்: சிவப்பை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது, வொயிட் பேலன்ஸ் (நிறச் சமன்) சரி செய்யும் வரை நல்ல புற ஊதாப் படமும் சிவந்துதான் இருக்கும். மரங்கள் வெள்ளை என்றீர்களே, அதுதான் துப்பு. இலை புற ஊதாவில் கறுப்பு, அகச்சிவப்பில் வெள்ளை. இந்த வகைக் கறுப்புக் கண்ணாடி 700 நானோமீட்டருக்கு அப்பால் அகச்சிவப்பையும் கொஞ்சம் கசியவிடும். சென்சாருக்குப் புற ஊதா மங்கல், அகச்சிவப்பு பளிச். ஆகவே கசிவே படம் முழுதையும் பிடித்துக்கொள்ளும்.

இங்கேதான் காட்பாடித் தம்பியின் ஃபில்டர் வேலைக்கு வருகிறது. அதே மாதிரி தடுப்பு ஃபில்டரை நோட்டுச் சோதனையில் வைத்து, ஒளிர்வு அணைகிறதா என்று பாருங்கள் (சில மலிவு ஃபில்டர்கள் வெறும் கண்ணாடிதான்). அணைந்தால் அதைக் கறுப்பு ஃபில்டருக்கு மேல் மாட்டி, அதே எக்ஸ்போஷரில் (வெளிச்சம் விடும் அளவில்) இன்னொரு படம் எடுங்கள். புற ஊதாவை நிறுத்தியாயிற்று. அப்படியும் படம் விழுந்தால் விழுந்தது முழுக்கக் கசிவு.

இனி புகார் விஷயம். 2020-ம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் விற்பவர் திருப்பி எடுக்க மறுக்கக்கூடாது. ஆகவே விற்பனைப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வரி வரியாகப் படியுங்கள். ‘அகச்சிவப்பைத் தடுக்கும்’ என்று எழுதியிருந்தால் உங்கள் பக்கம் வலு. தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் ஒப்புகையும் ஒரு மாதத்துக்குள் தீர்வும் தர வேண்டும். அப்புறம் 1915 உதவி எண். அதற்கும் மேல் வேலூரிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விற்றவர் எந்த ஊராக இருந்தாலும் நீங்கள் வசிக்கும் ஊரில் வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

ஆனால் வெறும் ‘இசட்.டபிள்யூ.பி.2, 365 நானோமீட்டர்’ என்று மட்டும் போட்டிருந்தால் சொன்னதைத்தான் கொடுத்திருக்கிறார், வழக்கு நிற்காது. பி.ஜி.39 அல்லது எஸ்8612 வகை நீலப்பச்சைக் கண்ணாடி ஒன்றை வாங்கி அதோடு சேர்த்து மாட்டுங்கள். கசிவு அடங்கும். வெளிச்சமும் குறையும், உச்சி வெயிலிலேயே ட்ரைபாட் இல்லாமல் நடக்காது.

கேள்வி: இரவில் அண்ணா சாலையை இப்படி எடுக்கலாமா? (வாசகர், தொரப்பாடி)

பதில்: தெருவிளக்கெல்லாம் எல்.இ.டி. ஆகிவிட்டது, அதில் புற ஊதா கிடையாது. பகல் 11 மணியிலிருந்து 2 மணிக்குள் போங்கள், தொப்பியோடு.