சட்டைப் பையில் உருகிய சாக்லேட்டில்தான் மைக்ரோவேவ் அடுப்பு பிறந்ததா?

பாதி உண்மை. அமெரிக்காவின் ரேதியான் நிறுவனத்தில் பெர்சி ஸ்பென்சர் என்ற பொறியாளர் இருந்தார். பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காதவர். ரேடாருக்கான நுண்ணலைகளை (மைக்ரோவேவ்) உண்டாக்கும் மேக்னட்ரான் குழாய்களைப் போர்க்காலத்தில் ஏராளமாகத் தயாரிக்க வழி கண்டவர் அவர்தான். 1945 வாக்கில், ஓடிக்கொண்டிருந்த ஒரு மேக்னட்ரான் அருகே நின்றபோது அவர் பையிலிருந்த தின்பண்டம் இளகிவிட்டது. அது சாக்லேட் என்பார்கள், வேர்க்கடலை மிட்டாய் என்றும் சொல்வார்கள். அப்புறம் சோளத்தை வைத்துப் பொரித்துப் பார்த்தார் என்பது கதை.

ஆனால் ரேடியோ அலை சூடாக்கும் என்பது அன்றைக்கே பழைய செய்தி. 1933 சிகாகோ உலகக் கண்காட்சியில் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே உணவை வைத்து, சிற்றலை (ஷார்ட்வேவ்) என்ற ரேடியோ அலையால் சமைத்தே காட்டியது. எனவே 'தற்செயல்' என்ற ஒரே சொல்லில் ஸ்பென்சரை அடக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. மேக்னட்ரானின் நுண்ணலையை ஓர் உலோகப் பெட்டிக்குள் அடைத்தால் சமையல் வேகமாகும் என்று யோசித்ததுதான் அவருடைய பெருமை. அக்டோபர் 1945-இலேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டார்.

1947-இல் வந்த ரேதியானின் முதல் மைக்ரோவேவ் அடுப்பான 'ரேடாரேஞ்ச்' கிட்டத்தட்ட ஆறடி உயரம், சுமார் 340 கிலோ எடை. உணவகங்களும் கப்பல்களும்தான் வாங்க முடிந்தது. சமையலறை மேடையில் வைக்கும் அளவுக்குச் சிறியதாக, 495 டாலர் விலையில் அமானா நிறுவனத்தின் அடுப்பு வந்தது 1967-இல்தான்.