நடைபாதையில் நாய் மலம் கழித்தால் உடனே ஏன் அள்ள வேண்டும்? மழையில் கரைந்துவிடாதா?

வளர்ப்பு நாயை நடக்கக் கூட்டிப்போய், அது தெருவோரம் கழித்ததை அப்படியே விட்டுவிட்டு வருவதைத்தான் கேட்கிறீர்கள். நாற்றம், செருப்பில் ஒட்டுவது எல்லாம் தெரிந்ததுதான், ஆனால் முக்கியமான காரணம் கண்ணுக்குத் தெரியாது. நாயின் குடலில் உருண்டைப்புழு இருந்தால் அதன் முட்டைகள் மலத்தோடு வெளியே வரும். விழுந்தவுடன் தொற்றாது, முதிரச் சில வாரம் ஆகும், அப்புறம் மலம் மழையில் கரைந்து போனாலும் முட்டை மட்டும் மண்ணில் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில்கூடக் கிடக்கும். கோரைப்புல்லை மேலாகப் பிடுங்கினால் கிழங்கு உள்ளேயே இருக்குமே, அது மாதிரி. மண்ணில் விளையாடிவிட்டு வாயில் கை வைக்கும் குழந்தைக்கு, அபூர்வமாகத்தான் என்றாலும், இது கண்பார்வையையே பாதிக்கலாம்.

இங்கிலாந்தில் இதற்கென்றே 1996-ல் தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். செய்ய வேண்டியது சின்ன வேலைதான்: கவருக்குள் கையை விட்டு அள்ளி, கவரை அப்படியே உள்வெளியாகத் திருப்பி, முடிச்சுப் போட்டுக் குப்பைத்தொட்டியில் போடுங்கள். முடிச்சுப் போட்ட பையைப் புதரில் வீசிவிட்டுப் போகிறார்களே, அது இன்னும் மோசம். நாய்க்குக் குடற்புழு மருந்தும் தவறாமல் கொடுங்கள், குட்டிகளுக்குத் தாயிடமிருந்தே புழு வந்துவிடும்.

சாணம் மாதிரி இதுவும் உரம்தானே என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, இதைக் கீரைப்பாத்தியில் போட்டால் அந்த முட்டைகள் கீரையோடு சமையலறைக்கே வந்துவிடும்.