டெபியன் 13-க்கு மாற்றிய பிறகு கணினி உறைந்து நிற்கிறது, அழித்துவிட்டு மறுபடி நிறுவ வேண்டுமா?

கேள்வி: டெபியன் லினக்ஸ் இயங்குதளத்தை 12-லிருந்து 13-க்கு மேம்படுத்தினேன். பிழை எதுவும் காட்டாமல் முடிந்தது. ஆனால் இப்போது வேலை செய்துகொண்டிருக்கும்போதே கணினி அப்படியே நின்றுவிடுகிறது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தால்தான் மீள்கிறது. 4 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுவதுதான் வழியா?

பதில்:

அழிக்க வேண்டாம். இப்போதைக்கு எதையும் மாற்றவும் வேண்டாம். கணினி ஒவ்வொரு முறை நிற்கும்போதும் அதில் என்ன வேலை நடந்துகொண்டிருந்தது என்று இரண்டு நாளைக்கு ஒரு தாளில் குறித்து வையுங்கள். ‘மேம்படுத்தின பிறகு நிற்கிறது’ என்பதை வைத்துக் காரணத்தைப் பிடிக்க முடியாது. ‘இதைச் செய்யும்போது நிற்கிறது’ என்பதை வைத்துப் பிடிக்கலாம். நான் இதைக் கற்றுக்கொள்ள ஏற்காட்டுக்கு இரண்டு தடவை வண்டி ஓட்ட வேண்டியிருந்தது. உங்கள் கணினியும் அந்தக் கணினியும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் அதை முழுசாகச் சொல்கிறேன். (கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழிலேயே எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். ‘மைனஸ்’, ‘டாட்’ என்று வரும் இடத்தில் அந்தக் குறியைத் தட்டுங்கள்.)

சேலம் அஸ்தம்பட்டியில் கணினி பழுது பார்ப்பது என் தொழில். ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்ட அலுவலகத்துக் கணினியையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். டெபியன் 13 வெளியானது 2025 ஆகஸ்ட் 9. கொஞ்ச நாள் பொறுத்திருந்து, பழம் பறிக்கும் வேலை தொடங்குவதற்கு முன்னால் அந்தக் கணினியை நானே 13-க்கு மாற்றிக் கொடுத்தேன். ஒரு வாரம் போனது. தோட்டத்தில் கணக்கு எழுதும் ரைட்டர் போன் செய்தார்.

“தம்பி, நீங்க புதுசு போட்டுக் குடுத்ததுல இருந்து பொட்டி நின்னு நின்னு போகுதுங்க. எலியக்கூட நகத்த முடியல. மறுபடி போட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டியிருக்கு.”

அவர் அவசரப்பட்டதில் நியாயம் இருந்தது. தோட்டத்தில் பல வருடம் வேலை செய்து ஓய்வு பெறும் ஒரு அம்மாவுக்குப் பணிக்கொடை கணக்குப் போட வேண்டும். சட்டப்படி பணிக்கொடை என்பது, முடித்த ஒவ்வொரு வருட வேலைக்கும் 15 நாள் சம்பளம். ஒரு வருடத்துக்கான பதிவு கிடைக்காமல் போனால் அந்த 15 நாள் கூலி போயிற்று. பதிவெல்லாம் பழைய செக்ரோல் (வேலைக்கு வந்த நாள்களைக் குறிக்கும்) புத்தகங்களில் இருந்தது. அவற்றைத்தான் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்துகொண்டிருந்தார். ஒவ்வொரு முறை கணினி நிற்கும்போதும் அதுவரை எடுத்த பக்கங்கள் எல்லாம் போய்விடும்.

இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி மேலே போனேன். போகும்போதே மனதுக்குள் ஒரு முடிவு எடுத்துவிட்டிருந்தேன். டெபியன் 12-ல் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) 6.1, 13-ல் 6.12. பழைய கணினி, புதுக் கெர்னல், கிராபிக்ஸ் தகராறாகத்தான் இருக்கும் என்று. மேம்படுத்திய உடனே பழைய கெர்னல் அழிந்துவிடாது. கணினி தொடங்கும்போது வரும் கிரப் பட்டியலில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ என்பதற்குள் இருக்கும். 6.1-ஐத் தேர்ந்தெடுத்து ஓட்டினேன். அரை மணி நேரம் பார்த்தேன், நன்றாக ஓடியது. ‘இதிலேயே ஓட்டுங்கண்ணா’ என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

மறுநாளே நின்றுவிட்டது.

அன்று மாலை உட்கார்ந்து யோசித்தபோதுதான் புரிந்தது: நான் மேலே இருந்த அந்த அரை மணி நேரத்தில் அவர் ஒரு பக்கம்கூட ஸ்கேன் செய்யவில்லை. ஆனாலும் அந்தப் பயணம் வீண் இல்லை. பழைய கெர்னலிலும் அதே மாதிரி நிற்கிறது என்றால், குற்றம் புதுக் கெர்னலில் இல்லை. உங்களுக்கும் இதைத்தான் முதல் சோதனையாகச் சொல்வேன். பழைய கெர்னலில் நிற்கவில்லை என்றால் கெர்னலையும் கிராபிக்ஸையும் பிடியுங்கள். அதிலும் நிற்கிறது என்றால் புதுக் கெர்னல் பக்கம் போகாதீர்கள்.

இரண்டாவது முறை போனபோது எதையும் தொடவில்லை. ரைட்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, “நீங்க எப்பவும் செய்யுற மாதிரியே செய்யுங்கண்ணா” என்றேன்.

கறையான் தின்ற ஓரங்கள் கொண்ட நீளப் புத்தகம். அவர் பக்கத்தை மெதுவாக விரித்துக் கண்ணாடி மேல் கவிழ்த்து, உள்ளங்கையால் முதுகை அழுத்திப் பிடிப்பார். வெளிச்சம் ஒரு முறை போய்வரும். அடுத்த பக்கம். நாற்பது பக்கம் வரை ஒரு தடங்கலும் இல்லை. ஐம்பதை நெருங்கும்போது மவுஸ் அம்பு விட்டு விட்டு நகர்ந்தது. ஐம்பத்தைந்தைத் தாண்டியதும் நின்றுவிட்டது. திரையில் கடிகாரமும் நின்றுவிட்டது.

நான் கணினிப் பெட்டியின் முகப்பைப் பார்த்தேன். ஹார்ட் டிஸ்க் விளக்கு சிமிட்டாமல் ஒரேயடியாக எரிந்துகொண்டிருந்தது. கேப்ஸ் லாக்கைத் தட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. கையை எடுத்துவிட்டுப் பொறுத்திருந்தேன். இருபது எண்ணுவதற்குள் விளக்கு எரிந்தது.

அந்தத் தாமதமான விளக்குதான் பதில். கணினி உண்மையிலேயே செத்திருந்தால் அது எரிந்தே இருக்காது. தாமதமாக எரிகிறது என்றால் உள்ளே எல்லாம் உயிரோடு இருக்கிறது, நினைவகம் இல்லாமல் மூச்சு முட்டிக் கிடக்கிறது. ரேமில் இடம் இல்லாமல் ஹார்ட் டிஸ்கில் உள்ள ஸ்வாப்புக்கும் (ரேம் போதாதபோது பயன்படும் இடம்) ரேமுக்கும் இடையே இடைவிடாமல் அள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறது. ரேமோடு ஒப்பிட்டால் சுழலும் டிஸ்க் பல ஆயிரம் மடங்கு மெதுவானது. அதனால்தான் நமக்கு உறைந்த மாதிரி தெரிகிறது.

மறுபடி தொடங்கி, பக்கத்திலேயே ஒரு டெர்மினலைத் திறந்து ‘ஃப்ரீ மைனஸ் ஹெச்’ போட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன். ‘ஷேர்டு’ என்று ஒரு நெடுவரிசை இருக்கும், பெரும்பாலும் யாரும் அதைக் கவனிப்பதில்லை. ஒவ்வொரு பக்கம் ஸ்கேன் ஆனதும் அது ஏறியது. 26 எம்பி. அடுத்த பக்கம், இன்னொரு 26. பிறகு ‘டிஎஃப் மைனஸ் ஹெச்’ போட்டேன். டிஎம்பி அடைவுக்கு நேரே, ஹார்ட் டிஸ்கின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘டெம்ப்எஃப்எஸ்’ (ரேமிலேயே கோப்புகளை வைக்கும் முறை) என்றும், அளவு 1.9 ஜிபி என்றும் காட்டியது.

டெபியன் 13-ல் வந்த மாற்றம் இது. 12 வரைக்கும் தற்காலிகக் கோப்புகள் போகும் டிஎம்பி அடைவு ஹார்ட் டிஸ்கில் இருந்தது. 13-லிருந்து அது இயல்பாகவே ரேமுக்குள் போய்விட்டது. மொத்த ரேமில் பாதி வரைக்கும் அது எடுத்துக்கொள்ளலாம். நிறைய ரேம் உள்ளவர்களுக்கு இது நல்லதுதான், டிஸ்க் தேயாது, வேகமும் கூடும். 4 ஜிபி கணினியில் பெரிய கோப்புகளோடு வேலை செய்கிறவர்களுக்குத்தான் இடி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏ4 பக்கத்தை 300 டிபிஐ-யில் வண்ணத்தில் எடுத்தால் 2480 க்கு 3508 புள்ளிகள், புள்ளிக்கு 3 பைட். சுருக்காமல் வைத்தால் சுமார் 26 எம்பி. அந்த ஸ்கேன் நிரல், பக்கங்களைப் பிடிஎஃப் ஆக்கும் வரைக்கும் சுருக்காமல் டிஎம்பி-யில்தான் அடுக்கி வைக்கிறது. 60 பக்கம் என்றால் ஒன்றரை ஜிபி. மீதி இரண்டு ஜிபி சொச்சத்தில் டெஸ்க்டாப், ஃபயர்ஃபாக்ஸ், ஸ்கேன் நிரல் எல்லாம் ஓட வேண்டும். ஐம்பத்தைந்தாவது பக்கத்தில் நின்றதில் ஆச்சரியமே இல்லை.

இதில் இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். நினைவகம் தீரும்போது ஏதாவது நிரலை நிறுத்திக் கணினியைக் காப்பாற்ற ‘எர்லிஊம்’ போன்ற கருவிகள் இருக்கின்றன, நல்ல கருவிகள்தான். ஆனால் டிஎம்பி-யில் கிடப்பது கோப்பு. எந்த நிரலை நிறுத்தினாலும் அந்தக் கோப்பு பிடித்திருக்கும் ரேம் திரும்பி வராது. அழித்தால்தான் வரும். அதனால் இந்தக் கோளாறுக்கு அதை மட்டும் நம்ப வேண்டாம்.

செய்த வைத்தியம் ஒரே வரி. ‘சூடோ சிஸ்டம்சிடிஎல் மாஸ்க் டிஎம்பி டாட் மவுண்ட்’ என்று போட்டுவிட்டுக் கணினியை மறுபடி தொடங்கினால் டிஎம்பி பழையபடி ஹார்ட் டிஸ்குக்கே போய்விடும். பின்னால் ரேம் கூட்டினால் ‘மாஸ்க்’ இருக்கும் இடத்தில் ‘அன்மாஸ்க்’ போட்டுத் திருப்பிக்கொள்ளலாம். ரைட்டருக்கு இன்னொன்றும் சொன்னேன்: செக்ரோலுக்கு வண்ணம் தேவையில்லை, சாம்பல் நிறத்தில் எடுத்தால் அளவு மூன்றில் ஒரு பங்காகிவிடும். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. “செவப்பு மையில போட்டிருக்கறது அரை நாள் கணக்குங்க தம்பி, கறுப்பாயிட்டா முழு நாளும் அரை நாளும் ஒண்ணாத் தெரியும்.” அவர் சொன்னதுதான் சரி. வண்ணத்திலேயே விட்டுவிட்டோம். அன்றைக்கே ஒரே அமர்வில் 110 பக்கம் முடித்தார்.

இந்த மாற்றம் டெபியன் 13-ன் வெளியீட்டுக் குறிப்பிலேயே தெளிவாக எழுதியிருக்கிறது, கவனிக்க வேண்டிய விஷயங்கள் என்ற ஐந்தாம் அத்தியாயத்தில். மேம்படுத்துவதற்கு முன்னால் நான் அதைப் படித்திருக்க வேண்டும். இப்போது படிக்காமல் யாருடைய கணினியிலும் கை வைப்பதில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் என்ன செய்யும்போது நிற்கிறது என்று எழுதவில்லை. ஸ்கேன், பெரிய பிடிஎஃப், பிரிண்ட், வீடியோ மாற்றுவது, பெரிய ஜிப் பிரிப்பது என்று ஏதாவது இருந்தால், அதைச் செய்யும்போது டிஎம்பி நிரம்புகிறதா என்று முதலில் ‘டிஎஃப் மைனஸ் ஹெச்’ பாருங்கள். அதில் ஒன்றும் இல்லை என்றால், அடுத்த முறை நிற்கும்போது உடனே பவர் பட்டனுக்குப் போகாமல் இரண்டு நிமிடம் கொடுங்கள்.

டிஸ்க் விளக்கு அமைதியாக இருக்கிறது, திரை மட்டும் நிற்கிறது என்றால் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கறுப்புத் திரையில் லாகின் கேட்டால் கோளாறு கிராபிக்ஸில்தான். கடவுச்சொல் கேட்கும் திரையில் பல்சக்கர அடையாளத்தைத் தொட்டு, திரையில் காட்டும் வேலையைச் செய்யும் வேலண்டுக்குப் பதில், அதற்கு முந்தைய முறையான எக்ஸ்ஆர்க் அமர்வைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். இன்டெல் கிராபிக்ஸ் உள்ள மடிக்கணினி என்றால் பேனல் செல்ஃப் ரெஃப்ரெஷ் என்ற மின்சேமிப்பு வசதியை அணைத்துப் பார்ப்பதும் பல பேருக்கு உதவியிருக்கிறது.

நீங்கள் 11-லிருந்து 12, 12-லிருந்து 13 என்று படிப்படியாக வந்தவர் என்றால் இன்னொரு சந்தேகம் இருக்கிறது. 2023 ஜூனில் வந்த டெபியன் 12-லிருந்து ஃபெர்ம்வேர் (வைஃபை, கிராபிக்ஸ் போன்ற வன்பொருளுக்குள் ஓடும் மென்பொருள்) தொகுப்புகளை ‘நான்-ஃப்ரீ-ஃபெர்ம்வேர்’ என்று தனிப் பிரிவாக்கிவிட்டார்கள். தொகுப்புகளை எங்கிருந்து இறக்குவது என்று சொல்லும் உங்கள் ஆப்ட் மூலப் பட்டியலில் பழைய ‘நான்-ஃப்ரீ’ மட்டும் இருந்தால், கெர்னல் புதிதாகியிருக்கும், ஃபெர்ம்வேர் பழசாகவே கிடக்கும். வைஃபையும் கிராபிக்ஸும் இதில் அடி வாங்கும். அந்தப் பெயரைச் சேர்த்துவிட்டு ஒருமுறை அப்டேட், அப்கிரேட் செய்யுங்கள்.

கேப்ஸ் லாக் விளக்கு எவ்வளவு நேரம் ஆனாலும் மாறவில்லை, அல்லது தானாகச் சிமிட்டுகிறது என்றால் அது கெர்னலே விழுந்ததன் அடையாளம். மறுபடி தொடங்கியதும் ‘சூடோ ஜர்னல்சிடிஎல் மைனஸ் பி மைனஸ் 1 மைனஸ் ஈ’ போட்டு, முந்தைய ஓட்டத்தின் கடைசி வரிகளைப் பாருங்கள். ‘ஐ/ஓ எர்ரர்’, ‘ரீசெட்டிங் லிங்க்’ என்று டிஸ்க் பெயரோடு வந்தால் முதல் வேலையாக உங்கள் கோப்புகளை வேறு டிஸ்கில் நகல் எடுங்கள், மற்றதெல்லாம் பிறகு. கடைசி வரிகளில் ஒன்றுமே இல்லாமல் சட்டென்று முடிந்திருந்தால் ரேமை மெம்டெஸ்ட் வைத்து ஒரு இரவு முழுக்கச் சோதியுங்கள்.

அணைத்தே ஆக வேண்டிய நிலை வந்தால் பவர் பட்டனை அழுத்திப் பிடிக்காதீர்கள், கோப்பு முறைமை கெடலாம். ஆல்ட்டையும் பிரிண்ட் ஸ்கிரீனையும் பிடித்துக்கொண்டு எஸ், யு, பி என்று ஒவ்வொன்றாக, நடுவில் சில விநாடி விட்டுத் தட்டுங்கள். எஸ் எழுதாமல் மிச்சமிருப்பதை டிஸ்கில் எழுதும், யு டிஸ்கைப் படிக்க மட்டும் என்று பூட்டும், பி மறுபடி தொடங்கும். சில மடிக்கணினிகளில் கூடவே எஃப்என் பொத்தானையும் பிடிக்க வேண்டும்.

இவ்வளவும் பார்த்தும் பிடிபடவில்லை என்றால் ‘ஃப்ரீ மைனஸ் ஹெச்’, ‘டிஎஃப் மைனஸ் ஹெச்’ இரண்டும் காட்டுவதையும், ஜர்னலின் கடைசி முப்பது வரியையும், நிற்பதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதையும் கீழே போடுங்கள். இரவு கடை மூடிய பிறகு பார்த்து எழுதுகிறேன்.