ஜாடிக்கு உப்பு எவ்வளவு? – கேள்வி பதில்

நீர்கொழும்பிலிருந்து: ஐயா, மீனை உப்பிலும் கொறுக்காய் என்ற புளிப்புக் காயிலும் ஊறவைத்துப் பதப்படுத்தும் ஜாடிக்கு எவ்வளவு உப்பு?

மூன்று கிலோ மீனுக்கு ஒரு கிலோ. குடலும் செவுளும் நீக்கிக் கழுவி, நீர் வடிந்தபின் மீனை நிறுங்கள். உப்பையும் நிறுத்தே போடுங்கள். சுண்டு என்ற அளவைப் பாத்திரத்தால் அளந்தால் தூளுப்பும் கல்லுப்பும் ஒரே எடை வராது.

மட்டக்களப்பிலிருந்து: எனக்கு இரத்த அழுத்தம். உப்பைப் பாதியாக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். உப்பு குறைந்தால் மீன் பதப்படுவதற்கு முன்பே அழுகிவிடும். கொறுக்காயின் புளிப்பு உப்புக்குத் துணை நிற்கும், உப்பின் வேலையை அதனால் செய்ய முடியாது. குறைப்பதைச் சமையலில் குறையுங்கள்: மீனைத் தண்ணீரில் ஊறவிட்டு, நீரை மாற்றி, கறியில் வேறு உப்புச் சேர்க்காமல் ஆக்குங்கள். அப்போதும் உப்பு மிஞ்சியே இருக்கும். வைத்தியர் வேண்டாம் என்றால் தொடாதீர்கள்.

சென்னையிலிருந்து: வியட்நாமின் பூ குவோக் தீவிலும் மூன்றுக்கு ஒன்று கணக்கில்தானே நெத்தலியில் உப்புப் போடுகிறார்கள்? அங்கே மீன் கரைந்து சாறாகிறது. ஜாடியில் ஏன் கரைவதில்லை?

இதைக் கேட்டதற்கு மிக்க மகிழ்ச்சி. அவர்கள் நெத்தலியைக் குடலோடு போட்டு, மரப்பீப்பாயில் ஓராண்டளவு விடுகிறார்கள். குடலின் செரிமான நொதிகள் அவ்வளவு உப்பிலும் மெல்ல வேலை செய்து சதையைக் கரைக்கின்றன. நாம் குடலை எடுத்துவிடுகிறோம்; எஞ்சிய நொதிகளைக் கொறுக்காயின் புளிப்பு அடக்குகிறது. அதனால்தான் ஜாடி மீனைத் துண்டாகவே எடுத்துக் கறி வைக்கிறோம். உப்பை இன்னும் கூட்டினால் மீன் கெடாது, ஆனால் சுவையை உண்டாக்கும் நொதிகளும் முடங்கிவிடும். வெறும் கரிப்புத்தான் மிஞ்சும்.

மன்னாரிலிருந்து: கும்பளா ஜாடி சாப்பிட்டதும் முகம் சிவந்து அரித்தது. உப்புப் போதவில்லையா?

ஹிஸ்டமின் என்றே சந்தேகிக்கிறேன்; மீன் கெடும்போது உருவாகி, ஒவ்வாமை போன்ற தொல்லை தரும் பொருள் அது. கும்பளா, சூரை, சாளை போன்றவை வெயிலில் கிடந்தால், உப்புப் படுமுன்பே அது உருவாகிவிடும். பிறகு உப்பாலும் போகாது, கொதிக்கவைத்தாலும் போகாது. மீன் சாறுக்கான கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரம் கிலோவுக்கு 400 மில்லிகிராமுக்கு மேல் அதை அனுமதிப்பதில்லை. பிடித்தவுடன் ஐஸ், அன்றே உப்பு. மீதி ஜாடியைக் கொட்டிவிடுங்கள். மூச்சுத் திணறல் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

காலியிலிருந்து: மேல் மீனில் இளஞ்சிவப்பு படிகிறதே?

கடலுப்போடு வரும் நுண்ணுயிர் அது. உப்பிலேயே செழிக்கும், ஆனால் காற்று வேண்டும். நிறம் மாறிய மீனை வீசிவிடுங்கள். அடுத்த முறை பலகையும் கழுவிய கல்லும் ஏற்றி, மீன் முழுவதும் உப்புநீரில் அமிழ்ந்திருக்கும்படி பாருங்கள்.